விசும்பில் பாடபேதம் – ஈர்ப்பலைகளும் விண்வெளிப் பிளாஸ்மாவும்

 

பத்தாம் ஆண்டு விழாவில் இலக்கியமே பேசப்பெறும் என்று எதிர்பார்த்து வந்தோர்க்கு இத்தலைப்பு சற்றே வியப்பளிக்கலாம். ஆயினும் இவ்வுரை இலக்கியத்தை விட்டு விலகிச் செல்வதன்று. ஓலைச்சுவடிகளைப் பதிப்பித்த சான்றோர் கைக்கொண்ட ஒரு நெறி விண்ணியலாரிடத்தும் வழங்குகிறது. அது தமிழகத்து மலைச்சரிவு ஒன்றோடும் தொடர்புடையது. அதனைக் கூறுவதே இவ்வுரையின் நோக்கம்.

இவ்வூருக்கு அண்மையில், நெய்வேலியில், பழுப்பு நிலக்கரி எடுக்கப்படும் முறையை இங்கிருப்போர் அனைவரும் அறிவர். கரி நிலத்தின் மேற்பரப்பில் கிடப்பதில்லை. முந்திரி நின்ற செம்மண்ணையும், அதன் கீழுள்ள மணற்கல் அடுக்குகளையும் முதலில் அகற்றவேண்டும். கரிப்படிவத்தின் அடியில் பேரழுத்தத்துடன் நிற்கும் நிலத்தடி நீரை இடைவிடாது இறைத்து அழுத்தத்தைக் குறைக்கவேண்டும்; இல்லையேல் அந்நீர் சுரங்கத்தின் தரையைப் பெயர்த்துக்கொண்டு மேலெழும். மண்ணையும் நீரையும் அளந்தறியாதவர் கரியைக் காண இயலாது. விண்ணிலிருந்து வரும் செய்திக்கும் இதுவே விதி. இடையில் நிற்பது யாது என்பதை அறியாதவர்க்கு, தொலைவிலிருந்து வருவது யாது என்பது விளங்குவதில்லை.

ஈர்ப்பலை என்பது யாது?

பெரும்பொருள் ஒன்று தன்னைச் சூழ்ந்த வெளியையும் காலத்தையும் வளைக்கிறது என்றும், அவ்வாறான பொருள்கள் விரைந்து சுழலும்போதும் மோதும்போதும் அவ்வளைவு அலையாகப் பரவும் என்றும் ஐன்ஸ்டைன் 1916-இல் கூறினார். இவ்வலையே ஈர்ப்பலை. ஒரு வட்டத்தின் விளிம்பில் சிறு துகள்கள் தனித்தனியே மிதப்பதாகக் கொண்டால், ஈர்ப்பலை அவ்வட்டத்தின் ஊடே செல்லும்போது அது ஒரு திசையில் நீண்டு, அதற்குச் செங்குத்தான திசையில் குறுகும். அடுத்த கணம் நீண்டது குறுகும், குறுகியது நீளும். அலை துகள்களைத் தள்ளுவதன்று; துகள்களுக்கு இடையேயுள்ள தொலைவையே அது மாற்றுகிறது.

இம்மாற்றம் எத்துணைச் சிறியது என்பதை ஒரு செய்தியால் உணரலாம். 2015 செப்டம்பர் 14 அன்று அமெரிக்காவின் லைகோ ஆய்வகங்கள் முதன்முதலாக ஈர்ப்பலையை நேரடியாக உணர்ந்தன. ஏறத்தாழ 130 கோடி ஒளியாண்டுத் தொலைவில் இரு கருந்துளைகள் ஒன்றிணைந்தபோது, மூன்று கதிரவன்களின் பொருண்மைக்கு ஈடான ஆற்றல் அலையாக வெளிப்பட்டது. அவ்வளவு பேராற்றலும் இங்கு வந்து சேர்ந்தபோது, 4 கிலோமீட்டர் நீளமுள்ள குழாயின் அளவில் ஏற்பட்ட மாற்றம் ஒரு புரோட்டானின் விட்டத்தில் நூற்றில் ஒரு பங்கினும் குறைவே.

இத்துறையில் இந்தியர் காட்டிய ஈடுபாட்டை எண்ணும்போது 1970 என்னும் ஆண்டு நினைவிற்கு வருகிறது. சென்னை மாநிலக் கல்லூரியில் பயின்று சிகாகோவில் பணியாற்றிய சுப்பிரமணியன் சந்திரசேகர், வேகமாகச் சுழலும் விண்மீன் ஈர்ப்பலையை உமிழ்வதனாலேயே தன் நிலைப்பாட்டை இழக்கக்கூடும் என்று அவ்வாண்டில் காட்டினார். பெங்களூரைச் சேர்ந்த சி.வி. விசுவேசுவரா, அலையொன்று கருந்துளையைத் தாக்கினால் அது தட்டிய மணிபோல ஒலித்து அடங்கும் என்று அதே ஆண்டில் கணித்தார். உதகமண்டலத்து மலைச்சரிவில் பெரியதொரு தொலைநோக்கி நிறைவெய்தியதும் அவ்வாண்டிலேயே. அதன் வரலாறு பின்னர் வரும்.

பிளாஸ்மா எனும் நான்காம் நிலை

தமிழ் மரபு விசும்பை ஐம்பூதங்களுள் ஒன்றாக எண்ணியது. விசும்பு வெறும் இன்மை என்று கருதப்படவில்லை. இன்றைய அறிவியலும் விண்மீன்களுக்கிடையே உள்ள வெளி வெற்றிடமன்று என்றே கூறுகிறது. அங்கே மிக மெல்லியதாகப் பரவியிருப்பது பிளாஸ்மா.

திண்மம், நீர்மம், வளிமம் என்னும் மூன்று நிலைகளை மாணவர் அறிவர். வளிமத்தை மேலும் சூடாக்கினால் அணுக்களிலிருந்து எலெக்ட்ரான்கள் பிரியத் தொடங்கும். எவ்வெப்பத்தில் எவ்வளவு பிரியும் என்பதற்கான சமன்பாட்டை 1920-இல் வழங்கியவர் வங்கத்து மேகநாத சாகா. அவ்வாறு பிரிந்த எலெக்ட்ரான்களும் எஞ்சிய மின்னேற்றத் துகள்களும் கலந்து நிற்கும் நிலைக்கு, 1928-இல் லாங்மியூர் பிளாஸ்மா என்று பெயரிட்டார். மின்னலின் கீற்றும், குழல்விளக்கின் உள்ளொளியும், வெல்டிங் வைப்போர் கறுப்புக் கண்ணாடி வழியே காணும் சுடரும் பிளாஸ்மாவே. கதிரவனும் விண்மீன்களும் பிளாஸ்மாவே.

விண்மீன்களுக்கிடையே இது மிக அரிதாகப் பரவியுள்ளது. 100 கன சென்டிமீட்டர் வெளியில் சராசரியாக மூன்று எலெக்ட்ரான்களே இருக்கும். எனினும் வழி நெடிது. ஆதலால் மிகச் சிறியதும் கூடிப் பெரியதாகிறது.

ஒன்றையொன்று தொடுதல்

ஈர்ப்பலை பிளாஸ்மாவின் ஊடே செல்லும்போது என்ன நிகழும்? பெரும்பாலும் ஒன்றும் நிகழாது என்பதே நேர்மையான விடை. ஈர்ப்பலை பொருளோடு கொள்ளும் உறவு மிக மென்மையானது. ஒளியை மறைக்கும் தூசு அதனை மறைப்பதில்லை. வானொலி அலையைத் தாமதிக்கச் செய்யும் எலெக்ட்ரான்கள் அதனைத் தாமதிக்கச் செய்வதில்லை.

ஆயினும் முற்றிலும் உறவில்லை என்பதற்கில்லை. வலிய காந்தப்புலத்தின் ஊடே செல்லும் ஈர்ப்பலையின் மிகச் சிறு பகுதி மின்காந்த அலையாக மாறக்கூடும் என்று சோவியத் அறிஞர் கெர்ட்சென்ஷ்டைன் 1962-இல் காட்டினார். காந்தப்புலத்தோடு பிணைந்த பிளாஸ்மாவில் ஈர்ப்பலை சிற்றலைகளை எழுப்பும் என்று கணிப்போரும் உளர். இவை இன்றளவும் ஏட்டுக் கணக்காகவே உள்ளன.

பேரண்டத்தின் இளமையில் நிலை வேறு. அப்போது வெளி முழுவதும் அடர்ந்த பிளாஸ்மாவாக இருந்தது. ஏறத்தாழ 3,80,000 ஆண்டுகளுக்குப் பின்னரே எலெக்ட்ரான்கள் அணுக்களுள் அடங்கி, ஒளி தடையின்றிச் செல்ல வழி பிறந்தது. அக்காலத்து ஈர்ப்பலைகள் பிளாஸ்மாவை ஒரு திசையில் நீட்டி மறுதிசையில் சுருக்கியிருப்பின், அதிலுள்ள எலெக்ட்ரான்கள் சிதறடித்த ஒளியில் ஒரு தனிப்பட்ட முனைவாக்கம் பதிந்திருக்கும். தடையின்றிப் பறந்த நியூட்ரினோத் துகள்கள் அத்தொல் அலைகளைச் சற்றே தளர்த்தியிருக்கும் என்று ஸ்டீவன் வைன்பர்க் 2004-இல் கணித்தார்.

அண்மைக் காலத்திலும் ஒரு நிகழ்ச்சி உண்டு. 2017 ஆகஸ்டு 17 அன்று இரு நியூட்ரான் விண்மீன்கள் மோதிய செய்தி வந்தது. ஏறத்தாழ 13 கோடி ஒளியாண்டு பயணம் செய்த ஈர்ப்பலை முன்னே வர, அதன் முடிவிலிருந்து 1.7 நொடியில் காமா கதிர் வந்தது. பின்னர், மோதலில் வீசப்பட்ட பொருள் சுற்றியிருந்த மெல்லிய வளியில் மோதி எலெக்ட்ரான்களை முடுக்கியதால் எழுந்த வானொலி அலைகளைப் புணே அருகிலுள்ள இந்தியத் தொலைநோக்கியும் பதிவு செய்தது. ஈர்ப்பலை மாசுபடாமல் வந்தது. ஒளியும் வானொலியும் வழியிலுள்ள பொருள்களின் தடத்தைச் சுமந்து வந்தன.

விண்ணின் கடிகாரங்கள்

லைகோ உணர்வது நொடிக்குப் பலமுறை அதிரும் அலைகளை. கோடிக்கணக்கான கதிரவன்களின் பொருண்மை கொண்ட கருந்துளைகள் இணை இணையாகச் சுற்றும்போது எழும் அலை ஒருமுறை ஏறி இறங்கவே பல ஆண்டுகள் ஆகும். அதனைப் பிடிக்க 4 கிலோமீட்டர்க் குழாய் போதாது. பல்லாயிரம் ஒளியாண்டு நீளமுள்ள கருவி வேண்டும். அக்கருவியை இயற்கையே அமைத்துள்ளது. அதன் பெயர் துடிப்பு விண்மீன்.

1967-இல் கேம்பிரிட்ஜில் ஜோசலின் பெல் என்னும் மாணவி முதல் துடிப்பு விண்மீனைக் கண்டார். அவர் பயன்படுத்திய கருவி கதிரவனிலிருந்து வீசும் பிளாஸ்மாக் காற்றினால் வானொலி மூலங்கள் மினுமினுப்பதை ஆராய்வதற்காகக் கட்டப்பட்டது. இடையில் நிற்பதை ஆராயச் சென்றவர்க்கே தொலைவில் இருப்பது காட்சியளித்தது.

துடிப்பு விண்மீன் என்பது சுழலும் நியூட்ரான் விண்மீன். கலங்கரை விளக்குபோல ஒவ்வொரு சுற்றிலும் ஒரு வானொலித் துடிப்பை அனுப்பும். 1982-இல் கண்டறியப்பட்ட ஒன்று நொடிக்கு 642 முறை சுழல்கிறது. அதனைக் கண்டோருள் ஷ்ரீநிவாஸ் குல்கர்ணி என்னும் இந்திய மாணவரும் ஒருவர். இத்தகைய விண்மீன்களின் துடிப்பு மிகச் சிறந்த கடிகாரங்களுக்கு நிகரான ஒழுங்குடையது. புவிக்கும் அவ்விண்மீனுக்கும் இடையே ஈர்ப்பலை செல்லுமாயின், துடிப்பு ஒரு நொடியின் கோடியில் ஒரு பங்கு அளவில் முந்தும் அல்லது பிந்தும். அதனை ஆண்டுக்கணக்கில் அளந்தால் அலை புலனாகும்.

எலெக்ட்ரான் இட்ட பிழை

சிக்கல் இங்குதான் தொடங்குகிறது. துடிப்பு வானொலி அலையாக வருகிறது. வரும் வழியோ பிளாஸ்மா. மணற்பாங்கான பாதையில் எல்லா வண்டிகளும் ஒரே வேகத்தில் செல்வதில்லை. அதுபோலப் பிளாஸ்மாவில் அதிர்வெண் குறைந்த வானொலி அலை மிகுதியாகவும், அதிர்வெண் உயர்ந்த அலை குறைவாகவும் தாமதிக்கும்.

கணக்கிட்டுப் பார்க்கலாம். சுமார் 3,000 ஒளியாண்டுத் தொலைவில் ஒரு துடிப்பு விண்மீன் உள்ளதாகக் கொள்வோம். அதன் துடிப்பு 1,400 மெகா ஹெர்ட்ஸ் அலைவரிசையில் வரும்போது பிளாஸ்மாவினால் ஏறத்தாழ நொடியில் 16-இல் ஒரு பங்கு தாமதிக்கும். 400 மெகா ஹெர்ட்ஸில் ஏறத்தாழ முக்கால் நொடி தாமதிக்கும். தேடுவதோ கோடியில் ஒரு பங்கு நொடி! தாமதம் எந்நாளும் மாறாதிருப்பின் கழித்துவிடலாம். ஆனால் பிளாஸ்மா நகர்வது, விண்மீனும் நகர்வது, புவியும் கதிரவனைச் சுற்றுவது. வழியிலுள்ள எலெக்ட்ரான்களின் தொகை ஆறு இலட்சத்தில் ஒரு பங்கு மாறினாலே, 1,400 மெகா ஹெர்ட்ஸில் ஈர்ப்பலையால் விளைவதற்கு ஈடான பொய்த் தாமதம் தோன்றிவிடும்.

அதே மாற்றம் 400 மெகா ஹெர்ட்ஸில் 12 மடங்கு பெரிதாகத் தெரியும். எனவே பிழையை அளக்க வேண்டுவோர், பிழை மிகுதியாகத் தோன்றும் இடத்திற்கே செல்லவேண்டும். உலகின் பெருந்தொலைநோக்கிகள் பலவும் உயர்ந்த அலைவரிசைகளில் துடிப்பை அளந்துகொண்டிருந்தன. தாழ்ந்த அலைவரிசைகளில் பிளாஸ்மாவை அளக்கும் பணியில் இந்தியா தனக்கென ஓர் இடத்தைத் தேடிக்கொண்டது.

உதகையும் கோடத்தும்

உதகமண்டலத்திற்கு அருகே முத்தோரையில் கோவிந்த் சுவரூப் அவர்களின் திட்டப்படி எழுந்த வானொலித் தொலைநோக்கி 530 மீட்டர் நீளமும் 30 மீட்டர் அகலமும் உடையது. 1,100 எஃகுக் கம்பிகள் அதன் எதிரொளிப் பரப்பாக அமைந்தன. அவ்விடத்தின் அகலாங்கு ஏறத்தாழ 11 பாகை. மலைச்சரிவின் சாய்வும் ஏறத்தாழ 11 பாகை. ஆதலால் தொலைநோக்கியின் அச்சு புவியின் அச்சிற்கு இணையாக அமைந்தது. ஒரு திசையில் திருப்பினாலே விண்பொருளை 9 மணி நேரத்திற்கும் மேலாகப் பின்தொடரலாம். மலையின் இயல்பை உணர்ந்து அதையே கருவியாக்கிய அறிவு இது. 327 மெகா ஹெர்ட்ஸ் அளவில் இயங்கும் இத்தொலைநோக்கியைக் கொண்டு, கதிரவனின் பிளாஸ்மாக் காற்றைப் பல பத்தாண்டுகளாக ஆராய்ந்து வந்துள்ளனர்.

அதே சுவரூப் அவர்களின் முயற்சியால் புணேக்கு வடக்கே கோடத்து என்னும் சிற்றூரைச் சூழ 45 மீட்டர் விட்டமுள்ள 30 கிண்ணங்களைக் கொண்ட பெருந்தொலைநோக்கி எழுந்தது. இந்தியத் துடிப்பு விண்மீன் காலக்கணிப்புக் குழுவினர் 2015 அளவில் உதகைத் தொலைநோக்கியையும் கோடத்துத் தொலைநோக்கியையும் கொண்டு தம் பணியைத் தொடங்கினர். கோடத்துக் கருவி புதுப்பிக்கப்பெற்ற பின், கிண்ணங்களைப் பகுதி பகுதியாகப் பிரித்து, ஒரே துடிப்பை 300 முதல் 500 மெகா ஹெர்ட்ஸ் வரையிலும், 1,260 முதல் 1,460 மெகா ஹெர்ட்ஸ் வரையிலும் ஒரே நேரத்தில் பதிவு செய்தனர். ஒரே துடிப்பின் இரு வருகைகளை ஒப்பிட்டவுடன் இடையிலுள்ள பிளாஸ்மாவின் அளவு வெளிப்பட்டது. அவர்கள் 2021-இல் வெளியிட்ட ஆய்வொன்றில், கதிரவனிலிருந்து பெயர்ந்த பிளாஸ்மா வீச்சு ஒரு துடிப்பு விண்மீனின் பாதையைக் கடந்த தடமும் காணப்பட்டது.

பதிப்பாசிரியரின் நெறி

இவ்விடத்தில் தமிழ் மாணவர்க்கு உ.வே. சாமிநாதையர் நினைவிற்கு வருதல் இயல்பு. 1887-இல் சீவக சிந்தாமணியைப் பதிப்பித்த அவர் முன் இருந்தவை ஒன்றோடொன்று மாறுபட்ட ஏடுகள். ஏட்டில் மெய்யெழுத்திற்குப் புள்ளி இருப்பதில்லை. காலும் ரகரமும் ஒன்றுபோல் தோன்றும். எகர ஏகாரங்களுக்கு வேறுபாடு இராது. எழுதியோரின் கைப்பழக்கம் ஏடுதோறும் ஒரு விதம். அவ்வேறுபாடுகளை வெறுத்து ஒதுக்கியவர் நூலைக் காணவில்லை. பொறுமையுடன் ஒப்பிட்டுப் பிழையின் இயல்பை அறிந்தவரே மூலத்தை அணுகினார்.

ஓர் ஏட்டில் மட்டும் உள்ள பிழை எழுதியவருடையது. ஒரே தாய் ஏட்டிலிருந்து வந்தவற்றில் எல்லாம் உள்ள பிழை அத்தாய் ஏட்டினுடையது. விண்ணியலாரும் இவ்வாறே பிரித்தறிகின்றனர். பிளாஸ்மாவின் பிழை ஒவ்வொரு விண்மீனின் வழிக்கும் தனித்தனி. அலைவரிசைக்கு ஏற்ப மாறுவது. புவியிலுள்ள கடிகாரம் பிழைத்தால் எல்லா விண்மீன்களும் ஒரே அளவில் பிழைக்கும். ஈர்ப்பலையோ இவ்விரண்டும் அன்று. வானில் அருகருகே உள்ள விண்மீன்களின் துடிப்பை ஒன்றுபோலவும், ஏறத்தாழச் செங்குத்தான திசைகளில் உள்ளவற்றை எதிரெதிராகவும் அது மாற்றும். இக்கோலத்தை ஹெலிங்ஸ், டவுன்ஸ் என்னும் இருவர் 1983-இல் கணித்துரைத்தனர்.

2023 ஜூன் 29 அன்று ஐரோப்பிய, இந்தியக் குழுவினர் 25 துடிப்பு விண்மீன்களின் ஏறத்தாழ 25 ஆண்டுப் பதிவுகளை ஆராய்ந்து, அக்கோலத்தின் சான்றினைக் கண்டதாக அறிவித்தனர். அமெரிக்க, ஆஸ்திரேலிய, சீனக் குழுவினரும் அதே காலத்தில் அவ்வாறே அறிவித்தனர். அவர்கள் தேர்ந்த சொல் கருதத்தக்கது. கண்டுபிடித்தோம் என்று கூறவில்லை. சான்று கிடைத்தது என்றே கூறினர். ஐயத்திற்கு இடமின்றி நிறுவ வேண்டிய அளவை அது இன்னும் எட்டவில்லை என்பதை அவர்களே எடுத்துரைத்தனர்.

அவசரத்தின் விலை

இவ்வடக்கம் ஏன் வேண்டும் என்பதற்கு ஒரு பாடம் அண்மையிலேயே உண்டு. தென்துருவத்திலிருந்த பைசெப் 2 தொலைநோக்கிக் குழுவினர் 2014 மார்ச்சில், பேரண்டத்தின் பிறப்பில் எழுந்த ஈர்ப்பலைகளின் முனைவாக்கத் தடத்தைக் கண்டதாக அறிவித்தனர். உலகெங்கும் செய்தித்தாள்கள் கொண்டாடின. ஓராண்டிற்குள், பிளாங்க் விண்கலத்தின் அளவைகளோடு சேர்த்து ஆராய்ந்தபோது, அத்தடத்தைத் தொல் அலைகளுக்குரியதாகக் கொள்ள இயலாது என்று தெளிந்தது. நமது பால்வீதியின் காந்தப்புலத்தில் வரிசைப்பட்டு நின்ற தூசே அதனைத் தோற்றுவித்திருந்தது. கருவி பிழைக்கவில்லை, இடையில் நின்றதன் அளவு அன்று தெரிந்திருக்கவில்லை. அப்பிழையைத் தாமே ஒப்புக்கொண்டு, பிளாங்க் குழுவினரோடு சேர்ந்து ஆய்வு வெளியிட்டமை அக்குழுவினருக்குப் பெருமையே.

பிளாஸ்மாவை அளத்தல் புகழ் தரும் பணியன்று. இரு கருந்துளைகள் மோதின என்றால் ஊர் திரும்பிப் பார்க்கும். எலெக்ட்ரான் தொகை ஆறு இலட்சத்தில் ஒரு பங்கு மாறியது என்றால் யாரும் கேட்பதில்லை. ஆயினும் பின்னதைச் செய்வோர் இல்லையேல் முன்னதைக் கூறுவோர் சொல்லை நம்ப வழியில்லை. பாடபேதங்களை அடிக்குறிப்பில் எழுதியவரின் உழைப்பை நூலின் சுவையில் மறந்துவிடுகிறோம். அந்த அடிக்குறிப்பு இல்லையேல் சுவைத்தது புலவரின் சொல்லா, ஏடெழுதியவரின் கைப்பிழையா என்பது தெரியாமற் போகும்.

மகாராட்டிரத்து இங்கோலி மாவட்டத்தில் லைகோ ஆய்வகம் ஒன்றை 2,600 கோடி ரூபாய்ச் செலவில் அமைக்க நடுவண் அரசு 2023 ஏப்ரலில் ஒப்புதல் அளித்தது. இப்பகுதியிலிருந்து மாணவர் அங்குச் செல்லும் நாள் வரவேண்டும். அவ்வாறு செல்வோர், செய்தியைத் தேடும் ஆர்வத்தோடு, இடையில் நிற்பதை அளக்கும் பொறுமையையும் உடன் கொண்டு செல்லவேண்டும். கரியை எடுக்கும் முன்னர் நீரை அளக்கும் ஊரில் பிறந்தவர்க்கு அப்பொறுமை புதியதன்று.

பத்தாண்டு காலம் ஓர் இலக்கிய வட்டத்தை நடத்துதலும் அத்தகைய பணியே. கூட்டத்திற்கு இருக்கை இட்டோரும், அழைப்பிதழைத் தெருத்தெருவாகக் கொண்டு சென்றோரும், உரைகளைப் பிழைதிருத்தி அச்சேற்றியோரும் மேடையில் தெரிவதில்லை. மேடையில் ஒலித்த சொல் பிழையின்றிப் பிறர் செவிக்குச் சென்றது அவர்களால்தான். அவர்கள் அனைவர்க்கும் வாழ்த்துகள்.